ஹைபிரிட் கார் கண் திறக்கவில்லையா? முதலில் சின்ன பேட்டரியைப் பாருங்கள்



நமது தொலைக்காட்சி அரங்கத்தில் பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை பற்றிப் பேசியபோது, ஹைபிரிட் கார் குறித்த கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்ல நேரம் போதவில்லை. விளம்பரம் போக மிஞ்சும் நிமிடங்கள் எத்தனை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே விட்டுப்போனதை இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன்.

பலரும் சுற்றி வளைத்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பழைய ஹைபிரிட் கார் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் அசையவே மாட்டேன் என்கிறது. பேட்டரி போய்விட்டது என்று பட்டறையில் சொல்கிறார்கள். எவ்வளவு செலவாகும்?"

இதற்குப் பதில் சொல்லும் முன் நாம் ஒன்றைத் திருப்பிக் கேட்டாக வேண்டும். எந்த பேட்டரி?

ஹைபிரிட் காரில் பேட்டரி இரண்டு. ஒன்று காரை ஓட்டுவதற்கு உதவும் பெரிய பேட்டரி. மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் அது 201.6 வோல்ட், பிரியஸ் சி காரில் 144 வோல்ட். மற்றது எல்லாக் கார்களிலும் இருக்கும் அதே 12 வோல்ட் பேட்டரி. அளவில் சின்னது, விலையிலும் சின்னது. பெரியதை மாற்றப் பல ஆயிரம் வெள்ளி தேவைப்படும். சின்னதற்குச் சில நூறு வெள்ளி போதும். "பேட்டரி போய்விட்டது" என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மனம் பெரியதை நினைத்துப் பதறுகிறது. அந்தப் பதற்றம் சிலருக்கு வியாபாரமாகிவிடுகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிள்ளானில் இருக்கும் என் மாமாவுக்கு இதுதான் நடந்தது. 2012-ஆம் ஆண்டு பிரியஸ் சி ஒன்றை வாங்கினார். மூன்றாவது வாரத்தில் ஒரு காலை நேரம், பட்டனை அழுத்தினால் மீட்டரில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் தீபாவளி போல எரிகின்றன, கார் மட்டும் புறப்படவில்லை. வந்து பார்த்த பட்டறைக்காரர், கருவி எதையும் வைத்துச் சோதிக்காமலேயே, "ஹைபிரிட் பேட்டரி முடிந்தது அங்கிள், 7,000 வெள்ளிக்கு மேல் ஆகும்" என்று சொல்லிவிட்டார். மாமா என்னை அழைத்தார். எனக்கு என்ன தெரியும்? நான் படித்தது பொதுமக்கள் தொடர்பியல் டிப்ளோமா. ஆனால் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்பதுதானே என் தொழில்! பூச்சோங்கில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரை அழைத்தேன். "தங்கச்சி, மாமாவை ஒரு காசும் கட்ட வேண்டாம் என்று சொல்லு. முதலில் சின்ன பேட்டரியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லு" என்றார். பார்த்தார்கள். 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 9 வோல்ட்கூட இல்லை. சின்னதை மாற்றினார்கள், கார் ஓடியது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சின்ன பேட்டரி அப்படி என்னதான் செய்கிறது?

சாதாரணக் காரில் 12 வோல்ட் பேட்டரியின் பெரிய வேலை, ஸ்டார்ட்டரைச் சுழற்றி இன்ஜினை எழுப்புவது. அதற்கு மிகுந்த மின்னோட்டம் தேவை. டொயோட்டா ஹைபிரிட்டில் அந்த வேலையே அதற்குக் கிடையாது. இன்ஜினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார். ஆனால், அந்தப் பெரிய பேட்டரி கார் நிற்கும்போதெல்லாம் பூட்டிய வீடு போல வயரிங்கிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கும். பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. நீங்கள் பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தியதும், சின்ன பேட்டரிதான் காரின் கணினிகளை எழுப்புகிறது. அவை எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு, ரிலே எனப்படும் மின் விசைகளை மூடிப் பெரிய பேட்டரியை இணைக்கின்றன. அப்போதுதான் மீட்டரில் 'ரெடி' என்ற எழுத்து வரும். சின்னதில் தெம்பு இல்லையென்றால் பெரியது நிறைந்திருந்தாலும் பயனில்லை. சாவி இல்லாமல் பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்பது போலத்தான்.

'ரெடி' வந்த பிறகு நிலைமை தலைகீழாகிறது. இந்தக் கார்களில் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியின் உயர் அழுத்த மின்சாரத்தைக் கன்வெர்ட்டர் ஒன்று சுமார் 14 வோல்ட்டுக்குக் குறைத்துச் சின்ன பேட்டரிக்கு ஊட்டுகிறது. இன்ஜின் ஓடாமல் அமைதியாக நிற்கும்போதும் இது நடக்கும். 'ரெடி' இல்லாமல் வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தால் சின்னதிலிருந்து மின்சாரம் போகுமே தவிர, வராது. தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும்போது எண்ணெய் மிச்சம் என்று நினைத்து வானொலியை மட்டும் போட்டு உட்கார்ந்திருப்போமே, சின்ன பேட்டரியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும் பழக்கம் அது. கியரைப் 'பி'யில் வைத்து, கார் 'ரெடி'யில் இருந்தால் போதும். தேவைப்படும்போது இன்ஜின் தானாக ஓடி நிற்கும். அதே காரணத்தால் மூடிய கொட்டகைக்குள் அப்படி விட்டுவைக்கக் கூடாது. திடீரென்று இன்ஜின் ஓடினால் புகை சூழ்ந்துவிடும்.

ஹோண்டா இன்சைட் போன்ற கார்களில் அமைப்பு வேறு. அவற்றில் 12 வோல்ட் பேட்டரி முன்பக்கம் பானட்டுக்குக் கீழேயே இருக்கிறது. அவசரத்துக்கு உதவச் சாதாரண ஸ்டார்ட்டரும் உண்டு. ஆகவே இனி நான் சொல்லும் இட விவரங்கள் டொயோட்டா கார்களுக்கே பொருந்தும்.

பழைய காரில் ஏன் இது அதிகம்?

நம் நாட்டில் 2011 முதல் 2013 முடிய, 2,000 சிசிக்குக் குறைவான ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் முழுமையாக விலக்கப்பட்டிருந்தன. பிரியஸ், பிரியஸ் சி, இன்சைட், ஜாஸ் ஹைபிரிட் எல்லாம் சாலையில் பெருகியது அந்தக் காலத்தில்தான். இன்று பழைய கார் கடைகளில் மலிவாக நிற்பவை பெரும்பாலும் அவையே. முதல் உரிமையாளர் விற்றுவிடுவார். கார் கடையில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும். நிற்கும் காரில்கூட ஸ்மார்ட் கீ, அலாரம், கடிகாரம் எல்லாம் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் கதவைத் திறப்பார்கள், விளக்கைப் போடுவார்கள், ஓட்ட மாட்டார்கள். ஈய பேட்டரி முழுவதும் வடிந்த நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. விற்கும் அன்று கடைக்காரர் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிடுவார். நீங்கள் வீட்டுக்கு ஓட்டி வருவீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் குட்டு வெளிப்படும்.

இவை நிற்பதால் கெடும் பேட்டரிகள் என்பதை 2020-இல் நாமே பார்த்தோம். மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, கார்கள் வாசலிலேயே கிடந்த அந்த வாரங்களில் எத்தனை வீடுகளில் பேட்டரி செத்தது!

உரிமை மாற்றத்துக்குச் செய்யும் பரிசோதனையை நம்பி இருக்காதீர்கள். இன்ஜின் எண், சேஸிஸ் எண் போன்றவற்றைச் சரிபார்ப்பதற்கானது அது. சின்ன பேட்டரியின் ஆயுளை அது உங்களுக்குச் சொல்லாது. ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: 12 வோல்ட் பேட்டரி எப்போது மாற்றியது, ரசீது உண்டா? பதில் இல்லையென்றால், மாற்றும் செலவையும் காரின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுப் பேரம் பேசுங்கள். உரிமையாளர் கையேட்டையும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பல பழைய கார்களில் அது காணாமல் போயிருக்கும்.

சின்னதா, பெரியதா? அடையாளம் காண்பது எப்படி?

சின்ன பேட்டரி தளரும்போது முன்கூட்டியே சில அறிகுறிகள் காட்டும். கடிகாரம் தானாக மாறிவிடும். எண்ணெய்ச் செலவுக் கணக்கு அழிந்து பூச்சியத்துக்கு வரும். ஸ்மார்ட் கீ சில வேளை கதவைத் திறக்கும், சில வேளை திறக்காது. உள்விளக்கு மங்கலாக எரியும். கடைசியில் 'ரெடி' வராமலேயே போகும். அப்போது சிவப்பு முக்கோணம், பிரேக் எச்சரிக்கை, ஹைபிரிட் அமைப்பைச் சோதிக்கச் சொல்லும் செய்தி எல்லாம் ஒன்றாக எரியலாம். கணினிகளுக்குப் போதிய மின்சாரம் கிடைக்காததால் அவை குழம்பிப் புலம்புகின்றன, அவ்வளவுதான்.

பெரிய பேட்டரி தளர்ந்தால் கதை வேறு. கார் பெரும்பாலும் 'ரெடி'க்கு வந்துவிடும், ஓடவும் செய்யும். ஆனால் திரையில் சார்ஜ் கோடுகள் மளமளவென்று ஏறும், மளமளவென்று இறங்கும். இன்ஜின் அடிக்கடி ஓடும், எண்ணெய் அதிகம் குடிக்கும், பின்னாலிருந்து காற்றாடி சத்தம் பலமாகக் கேட்கும். இவை தெரிந்தால் ஸ்கேன் கருவி உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

சோதிப்பதற்கு மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. வன்பொருள் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. காரை ஓட்டிவிட்டு வந்தவுடன் அளக்காதீர்கள். பேட்டரி பொய் சொல்லும். இரவு முழுதும் நின்ற காரில் காலையில் அளக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும். 12.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் பாதிதான் நிறைந்திருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய வடிந்துவிட்டது. பிறகு காரை 'ரெடி'க்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தால் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அது வந்தால் கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்கிறது, குறை பேட்டரியில்தான் என்று பொருள். இரவில் 12.7 இருந்து, வண்டி தொடாமல் நின்றும் காலையில் 12.1-க்கு இறங்கினால் இரண்டில் ஒன்று: பேட்டரி கிழடாகிவிட்டது, அல்லது ஏதோ ஒன்று மின்சாரத்தைத் திருடுகிறது. முந்தைய உரிமையாளர் மாட்டிய டேஷ்கேமரா, கூடுதல் அலாரம் போன்றவை முதல் சந்தேகத்துக்குரியவை. அதைக் கண்டுபிடிக்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

எதைப் போட வேண்டும்?

அவசரத்தில் தவறாகிப்போவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸில் சின்ன பேட்டரி பூட்டின் வலப்பக்க மூலையில் இருக்கிறது. பிரியஸ் சி-யில் பின் இருக்கைக்கு அடியில். இரண்டுமே நாம் உட்கார்ந்து மூச்சு விடும் அறைக்குள் இருப்பவை. ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது, குறிப்பாக அளவுக்கு மீறி ஏறும்போது, ஹைட்ரஜன் வாயு வெளிவரும். எளிதில் தீப்பிடிக்கக்கூடிய வாயு அது. அதனால்தான் தயாரிப்பாளர் இங்கே ஏஜிஎம் எனப்படும் வகையைப் பொருத்துகிறார். அமிலம் அதில் தண்ணீராக ஆடுவதில்லை. கண்ணாடி நார் விரிப்பில் ஊறி நிற்கும். வெளிவரும் கொஞ்சம் வாயுவும் ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு வெளியே போய்விடும்.

விலை குறைவு என்பதற்காகச் சிலர் அதே அளவுள்ள சாதாரண பேட்டரியை அங்கே வைத்துவிடுகிறார்கள். கார் ஓடும். ஓடுகிறதே என்று நாமும் நிம்மதியாக இருப்போம். பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, அவர்களுக்கு அடியில் அமில ஆவியும் ஹைட்ரஜனும் போக வழியில்லாமல் தேங்குவது நம் கண்ணுக்குத் தெரியாது. 'பராமரிப்பு தேவையில்லை' என்று எழுதியிருந்தாலே ஏஜிஎம் ஆகிவிடாது. கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது ஏஜிஎம்தானா? வாயுக் குழாயை மாட்டத் துளை இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் வாங்குங்கள்.

அளவைப் பழைய பேட்டரியின் மேலேயே பார்க்கலாம். மூன்றாம் தலைமுறை பிரியஸுக்கு எஸ்46பி24ஆர், பிரியஸ் சி-க்கு எஸ்34பி20ஆர் என்று ஜப்பானியக் குறியீடு இருக்கும். அதில் முதல் எண் திறனைக் குறிக்கும். நடுவில் உள்ள எழுத்து அகலமும் உயரமும். 24, 20 என்பவை சென்டிமீட்டர் கணக்கில் நீளம். கடைசி எழுத்து, முனைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதற்கு. அந்தக் கடைசி எழுத்து மாறினால் வயர் எட்டாது. எட்ட வைக்க இழுத்தால் ஆபத்து.

செத்துப்போன காரை எப்படித் திறப்பது?

இது பலருக்குப் புதிராக இருக்கிறது. பேட்டரி பூட்டுக்குள் இருக்கிறது. பூட்டைத் திறப்பதோ மின்சாரத்தால்! கவலை வேண்டாம். ஸ்மார்ட் கீக்குள் ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவி ஓட்டுநர் கதவைத் திறந்து, பானட்டின் நெம்புகோலை இழுங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸில் பானட்டுக்குக் கீழ் உள்ள பியூஸ் பெட்டியைத் திறந்தால் சிவப்பு மூடியுடன் ஒரு முனை தெரியும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கவென்றே வைக்கப்பட்டது அது. மற்றொரு 12 வோல்ட் பேட்டரியின் நேர் முனையை அதனுடன் இணைத்து, எதிர் முனையைப் பெயிண்ட் இல்லாத உலோகப் போல்ட் ஒன்றில் மாட்டினால் கார் கண் விழிக்கும். ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரே போதும்.

நேர், எதிர் மட்டும் மாறவே கூடாது. மாறினால் பியூஸோடு போகலாம், இன்வெர்ட்டர் வரைக்கும் போகலாம். சந்தேகம் இருந்தால் தொடாமல் ஆளை அழையுங்கள். அதேபோல் பக்கத்து வீட்டு லாரிக்கு உங்கள் ஹைபிரிட்டிலிருந்து மின்சாரம் கொடுத்து உதவப் போகாதீர்கள். அவ்வளவு பெரிய மின்னோட்டத்துக்கு இந்தச் சின்ன அமைப்பு தாங்காது. உதவ மனம் வந்தால் பட்டறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

இழுவை வண்டி வந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லாதபோது பிரியஸ் 'பி'யிலிருந்து வெளியே வராது. முன் சக்கரங்களைத் தரையில் உருட்டி இழுத்தால் சேதம். காரை முழுவதும் மேலே ஏற்றிச் செல்லும் வண்டியாக அனுப்பச் சொல்லுங்கள்.

மாற்றும் வேலை

வேலை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. 10 எண் ஸ்பேனர் போதும். தொடங்கும் முன் காரை அணைத்து, ஸ்மார்ட் கீயைத் தொலைவில் வைத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். பூட் கதவை முதலிலேயே திறந்து, வேலை முடியும்வரை திறந்தே வைத்திருங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு அது தப்பித்தவறி மூடிக்கொண்டால், பின் இருக்கை வழியாகத் தவழ்ந்து போய்க் கதவின் உட்பக்கம் உள்ள நெம்புகோலைத் தேட வேண்டியிருக்கும். பூச்சோங் அண்ணன் இதைச் சொல்லிவிட்டு, "என் பையன் ஒருத்தன் ஒல்லியாக இருக்கான், அதனால் பிழைத்தோம்" என்று சிரித்தார்.

தரைப் பலகையையும் வலப்பக்கச் சாமான் தட்டையும் எடுத்தால் பேட்டரி தெரியும். எதிர் முனையை முதலில் கழற்ற வேண்டும், பிறகு நேர் முனை. வாயுக் குழாயை மெதுவாக உருவுங்கள். வெப்பத்தை உணரும் சிறு கருவி பேட்டரியோடு ஒட்டியிருந்தால் அதை உடைக்காமல் எடுத்துப் புதியதில் பொருத்துங்கள். பிடிப்பானைத் தளர்த்தித் தூக்கி வெளியே எடுங்கள்; சின்னது என்றாலும் உள்ளே இருப்பது ஈயம், இடுப்பைக் கவனியுங்கள். புதியதை வைக்கும்போது வரிசை தலைகீழ். நேர் முதலில், எதிர் கடைசியில். வாயுக் குழாயை மாட்டினோமா என்று பூட்டை மூடும் முன் இன்னொரு முறை பார்ப்பது அவசியம். கடைக்காரர் செய்தாலும் நின்று பாருங்கள், அதிகம் மறக்கப்படுவது அதுதான்.

வேலை செய்யும் இடத்தில் ஆரஞ்சு நிறக் கம்பி எதுவும் கண்ணில் பட்டால் கை வைக்கவே கூடாது. அது உயர் அழுத்தக் கம்பி, உயிருக்கு ஆபத்து. சின்ன பேட்டரியை மாற்ற அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

முடிந்ததும் பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால் 'ரெடி' வர வேண்டும். கடிகாரத்தையும் வானொலி நிலையங்களையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். ஒரே அழுத்தில் ஏறும் சன்னல் கண்ணாடி அடம்பிடித்தால் கையேட்டில் உள்ளபடி மறுபடி பழக்க வேண்டும். ஒன்றிரண்டு எச்சரிக்கை விளக்குகள் சிறிது தூரம் ஓட்டிய பின் அணையும். அணையாமல் நின்றால் ஸ்கேன் செய்து பார்ப்பதே முறை.

காரை அதிகம் எடுக்காதவர்கள் வாரம் ஒரு முறையாவது முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். வீட்டில் சார்ஜர் வைத்து ஏற்றுவதாக இருந்தால் ஏஜிஎம் வகைக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள். வேகமாக ஏற்றும் பெரிய சார்ஜர் இதற்கு ஆகாது.

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஈய அமில பேட்டரிக் கழிவு, 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 102 என்று பட்டியலிடப்பட்டுள்ள அபாயக் கழிவு. பேட்டரி கடைகள் அதை வாங்கிக்கொண்டு புதியதன் விலையில் கொஞ்சம் கழித்துக் கொடுப்பது வழக்கம். கேட்காவிட்டால் சிலர் கழிக்க மாட்டார்கள். அப்படியே கடைக்காரரிடம் மார்க்கர் பேனா வாங்கி, புதிய பேட்டரியின் மேல் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். உங்களிடமிருந்து அந்தக் காரை வாங்கப் போகிறவர் அதைத்தான் முதலில் தேடுவார்.